கடுகு மட்டும் எங்கள் ஊர்க் கடையில்

நம் வயதுக்காரர்களிடம் ஒரு கேள்வி. கடைக்குள் நீங்களே நடந்து போய், அலமாரியிலிருந்து நீங்களே கையில் எடுத்த முதல் பொருள் எது? நமக்குப் பின்னால் வந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே புரியாது. பிறந்ததிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். நமக்கு முன்னால் இருந்தவர்களோ கேட்டுத்தான் வாங்கினார்கள். நடுவில் மாட்டிய செட் நாம்தான்.

என்னுடையது ஒரு சோப்பு. பச்சை உறை. எடுத்தேன், முகர்ந்தேன், திரும்ப வைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் முதல் நரைமுடியைக் கண்டுபிடித்தேன். ஆகவே பழைய கதை சொல்லும் உரிமை வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது சேலத்தில் இருக்கிறேன். நேற்று போனில் மளிகை ஆர்டர் போட்டேன். குக்கர் விசில் அடங்குவதற்குள் கதவுக்கு வெளியே பை வந்து உட்கார்ந்திருந்தது. கொண்டுவந்தவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பையைப் பிரித்தால் மேலேயே கடுகு. தனியாக நின்று சிரித்தேன். ஒரு கல்யாணமே அந்தக் கடுகில் மாட்டிக்கொண்டு தவித்ததை இந்தக் காலத்தில் யாரிடம் போய்ச் சொல்வது? உங்களிடம்தான்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம். எடப்பாடி பஸ் நின்று போகிற சிறிய ஊர் எங்களுடையது. நிறுத்தத்துக்கு நேர் எதிரே மளிகைக்கடை. கடைக்காரருக்கும் நமக்கும் நடுவே இடுப்புயரப் பலகை. அதற்கு அந்தப் பக்கம் புளி மூட்டை, வரமிளகாய் நெடி, சணல் சாக்கின் வாசம், பெருங்காயம். தலைக்கு மேல் தொங்கும் டப்பாவிலிருந்து நூல் இறங்கி வந்துகொண்டே இருக்கும். பொட்டலத்தைச் சுற்றி ஒரே சுண்டில் அறுப்பார். சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து சரக்கு வந்து இறங்கும் நாளில் தெருவே தும்மும்.

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று, நம் வீட்டுக்கு வேண்டியதை ஊர் கேட்கச் சொல்ல வேண்டும்.

"அரைக் கிலோ சக்கரைங்ணா" என்பாள் அம்மா.

"போன வாரந்தானே அம்மிணி வாங்குனீங்க? ஒரம்பரை வந்திருக்குதா?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நிற்பவர் பதில் சொல்லிவிடுவார். "அவுங்க தம்பி வந்திருக்காருங்க. நேத்து பஸ்ஸுல எறங்குனாரே, பாக்கலீங்களா? ஆளு எளைச்சுப் போயிட்டாரு."

அத்தைக்கு மாதாமாதம் வேண்டிய பொருளை மட்டும் அம்மா கண்ணால் கேட்பாள். கடைக்காரரும் கண்ணாலேயே புரிந்துகொண்டு, செய்தித்தாளில் சுற்றி, அதன் மேல் கறுப்புப் பை போட்டு, முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு நீட்டுவார். அந்தக் கடையில் வேறு எதற்கும் கறுப்புப் பை கிடையாது. ஆகவே கறுப்புப் பை போனால் என்ன போகிறது என்று ஊருக்கே தெரியும்.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். எடப்பாடியில் ஒரு பள்ளியில் டீச்சர். அம்மாவை 'நங்கை' என்று கூப்பிடுவாள், எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்தப் புதுக்கடையைக் கண்டுபிடித்து வந்தது அத்தைதான்.

"பஸ் ஸ்டாண்டுக்கிட்ட ஒரு கடை தொறந்திருக்காங்க நங்கை. உள்ள போயி வேணுங்கறதை நாமளே எடுத்துக்கலாம்."

"நாமளே எடுத்தா திருடறோமுன்னு சொல்ல மாட்டாங்களா?"

"வெளிய வரும்போது காட்டிட்டுப் பணத்தைக் குடுத்துட்டு வரோணும். அவ்வளவுதான்."

அம்மா நம்பவில்லை. அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் போனோம். கண்ணாடிக் கதவு. உள்ளே ஏசி. தரை அப்படி ஒரு வெள்ளை. அம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்தாள். நானும் கழற்றினேன்.

"செருப்போடயே வாங்கம்மா, இது கோயில் இல்லை" என்றார் காவலாளி.

"பரவால்லைங்க" என்று அம்மா வெறுங்காலோடு போய்விட்டாள். உள்ளங்காலில் ஏறிய அந்தச் சில்லிப்பு எனக்கு இப்போதும் ஏறும்.

உள்ளே அம்மா சீரகப் பாக்கெட்டை எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், திரும்ப வைத்தாள். வேறொன்றை எடுத்தாள், அதையும் வைத்தாள். ஒரு பொருளைக் கையில் எடுத்துவிட்டு வேண்டாமென்று வைக்கிற அம்மாவை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். நான் சோப்புப் பக்கம் நின்று முகர்ந்துகொண்டிருந்தேன். அத்தை தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக் கூடையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். கறுப்புப் பை இல்லாமல்.

வெளியே வந்து செருப்பைப் போடும்போது அம்மா சொன்னாள்: "ஒரு கேள்வி கேக்கலை பாத்தியா!"

அதோடு எங்கள் வீட்டு மளிகை எடப்பாடிக்கு இடம் மாறிவிட்டது. மாறிய பிறகுதான் அம்மாவுக்குக் கவலை பிடித்தது. எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எதற்கும் முதல் ஆளாக வந்து நிற்பவர் ஊர்க் கடைக்காரர். அவரை எப்படி விடுவது? அம்மா ஒரு சட்டம் போட்டாள்.

"பெருசெல்லாம் அங்க. சின்னதெல்லாம் இங்க. அவரு மனசு நோகக் கூடாது."

சட்டத்தை அமல்படுத்துவது அத்தையின் வேலை. பள்ளி முடிந்து வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவாள். புதுக்கடையின் மஞ்சள் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பொருள்களை ஜவுளிக்கடைப் பைக்கு மாற்றுவாள். பஸ் எங்கள் நிறுத்தத்தில் நின்றால் நேரே கடைக்காரர் கண்ணில் விழ வேண்டும். அதனால் ஒரு நிறுத்தம் முன்னால், ரைஸ்மில்லில் இறங்கிச் சுற்றி நடந்து வருவாள்.

"டீச்சரு, ஊடு மாத்தீட்டீங்களா?" என்று கண்டக்டர் கேட்டிருக்கிறார்.

"நடந்தா ஒடம்புக்கு நல்லதுங்க."

"அந்தப் பையைத் தூக்கிக்கிட்டா?"

ஊர்க் கடையில் நாங்கள் வாங்கியது கடுகு. ஐம்பது கிராம். அல்லது கற்பூரம், அல்லது ஒரு ஊதுபத்திக் கட்டு. நானும் அம்மாவும் போவோம். கடைக்காரர் கடுகைத் தராசில் போட்டு, முள் நின்ற பிறகும் மேலே ஒரு சிட்டிகை போடுவார். எனக்கு வெல்லக்கட்டி தருவார். முன்பெல்லாம் தந்ததில்லை.

"கெணத்துல தண்ணி கெடக்குதா சாமி? அப்பா தோட்டத்துக்குப் போறாரா?" என்று என்னைக் கேட்பார். அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "ஒண்ணும் யோசிக்காதீங்க அம்மிணி. வேணுங்கறதை மொத்தமா எடுத்துக்கிட்டுப் போங்க" என்பார்.

அம்மா வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிப்பாள். "அவருக்குச் சந்தேகம் வந்துருச்சு."

"வந்துருச்சு" என்பாள் அத்தை.

சந்தேகத்தைப் போக்க என்ன செய்தோம்? இன்னும் அடிக்கடி போனோம். காலையில் கடுகு, சாயங்காலம் கற்பூரம். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அன்றைக்கு அது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது.

மாசியில் அத்தைக்கு ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை சங்ககிரிப் பக்கம், லாரிப் பட்டறை வைத்திருந்தார். அதற்கு முன் வந்த இடங்களையெல்லாம் அத்தை ஏதோ ஒரு காரணம் சொல்லித் தள்ளியிருந்தாள். இவர் பெண் பார்க்க வந்தபோது, அத்தையே கேட்டுவிட்டாள்: "கல்யாணத்துக்குப் பொறவு நான் வேலைக்குப் போகலாமுங்களா?"

மாப்பிள்ளை, "உங்க வேலைதானுங்க, என்னைய எதுக்குக் கேக்கறீங்க?" என்றார். கிண்டலில்லை, நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார். அவருடைய அம்மா மட்டும் சிரித்தார். சின்ன உருவம், பெரிய மூக்குத்தி.

அன்று ராத்திரி அத்தை, "சரின்னு சொல்லிருங்க அண்ணா" என்றாள். அப்பா ரெண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

பிறகு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சே இல்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. அத்தை தபால்காரர், டெலிபோன், வாசல் எதையும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தரகர் மொபெட்டில் வந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"பொண்ணைப் பத்தி ஒரு கொறையும் இல்லீங்க. ஊட்டைப் பத்தித்தான்..."

"ஊட்டுக்கு என்னங்க?" என்றார் அப்பா.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டை விசாரிக்க வருகிறவர் கோயிலுக்கும் போகமாட்டார், பள்ளிக்கும் போகமாட்டார். மளிகைக்கடைக்குப் போய் ஒரு கலர் சோடா வாங்கிக் குடிப்பார். ஒரு வீட்டில் எத்தனை அடுப்பு எரிகிறது, விருந்தாளி வருகிறார்களா, மாமியாரும் மருமகளும் ஒரே உப்பைத் தின்கிறார்களா, எல்லாம் பலகைக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குத் தெரியும். மாப்பிள்ளையின் பெரியப்பாவும் எங்கள் ஊர்க் கடையில் கலர் குடித்திருக்கிறார். கடைக்காரர் எங்களை விட்டுக்கொடுப்பாரா? வாய் நிறையப் புகழ்ந்திருக்கிறார். தரகர் அதை அப்படியே ஒப்பித்தார்.

"'தங்கமான குடும்பமுங்க. எப்பேர்ப்பட்ட கஷ்டத்துலயும் கௌரவத்தை உட்டுக்குடுக்க மாட்டாங்க. அம்பது கிராம் கடுகை வாங்கிக் குடும்பத்தை ஓட்டறாங்க, ஒருத்தருகிட்டக் கை நீட்டலை'ன்னாருங்களாம்."

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "அம்பது கிராமா? யாரு, நாமளா?"

அம்மா தரையைப் பார்த்தாள். அத்தை குபீரென்று சிரித்தாள்.

தரகர் தொடர்ந்தார். "சோத்துக்கே இழுபறியா இருக்கற ஊடுன்னா, நாளைக்கு டீச்சரம்மா சம்பளமெல்லாம் பொறந்த ஊட்டுக்கே போயிருமோன்னு பெரியப்பா யோசிக்கறாரு. வேற எடம் பாக்கலாமுங்கறாரு. பையனும் அவுங்கம்மாவும்தான் கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லி வெச்சிருக்காங்க."

அத்தையின் சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்து உள்ளே போனாள். அடுக்களையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கழுவப் பாத்திரமே இல்லாத நேரம் அது.

தரகர் போன பிறகு அம்மா மெதுவாக, "எடப்பாடிக் கடையில வாங்கறோமுன்னு உள்ளதைச் சொல்லிடலாங்க" என்றாள்.

"சொன்னா? ஏசி கடையில சாமான் வாங்கற பொண்ணு, ஊதாரின்னு அதுக்கொரு பேச்சு வரும். கடைக்காரரு காதுக்கும் போகும். நாலு பேரு பாக்கற மாதிரி நான் ஒண்ணு பண்றேன், பாரு."

அப்பா பண்ணியது இதுதான். மறுநாள் கடை நிறையக் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து மொபெட்டில் போய், ஒரு டின் கடலெண்ணெயும் ஒரு மூட்டைச் சர்க்கரையும் வாங்கினார். முன்னால் மூட்டை, பின்னால் டின். நேராக வீட்டுக்கு வராமல் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"விசேஷமுங்களா?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "சும்மாதானுங்க" என்று வேறு சொல்லியிருக்கிறார். சும்மா யார் மூட்டைச் சர்க்கரை வாங்குவார்கள்? சாயங்காலம் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் பல்லெல்லாம் தெரிய, "நிச்சயமாயிருச்சுங்களா?" என்று வந்தார். அவர் போனதும் இன்னொருவர் வந்தார். எழவு வீட்டுக்கு வந்தவர் போலத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஆருக்குங்க முடியலை?" என்றார்.

அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. அந்த மூட்டை தீருகிறவரை எங்கள் வீட்டில் ரவா லட்டுத்தான்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு எடப்பாடி போனாள். வழக்கம்போல அந்தக் கடை. அந்த வாரங்களில் அத்தை மெலிந்திருந்தாள். கூடையைக்கூட நான்தான் தூக்கினேன். பருப்பு வரிசையில் திரும்பினோம். எதிரே ஒரு அம்மாள், கூடை வழிய எடுத்திருந்ததை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். பெரிய மூக்குத்தி.

மாப்பிள்ளையின் அம்மா.

அவர் செய்த முதல் வேலை, முந்தானையை இழுத்துக் கூடையை மூடியது. அத்தை செய்த முதல் வேலை, என் கையிலிருந்த கூடையை முதுகுக்குப் பின்னால் தள்ளியது. கூடையோடு நானும் போனேன். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

"ஏங்கண்ணு, நீ எங்க இங்க?" என்றார் அவர்.

"பள்ளிக்கூடம் பக்கமுங்க..." என்று ஆரம்பித்த அத்தை நிறுத்திக்கொண்டாள். என்னை முன்னால் இழுத்தாள். கூடையும் வந்தது.

"எங்க ஊட்டுக்கு எல்லாச் சாமானும் இங்கதானுங்க. கடைக்காரரு மனசு நோகக் கூடாதுன்னு கடுகு மட்டும் எங்கூர்க் கடையில வாங்கறோமுங்க."

அவர் அத்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எங்கள் கூடையை எட்டிப் பார்த்தார். நெய், சேமியா, துவரம்பருப்பு, எனக்கு ஒரு சாக்லேட். பிறகு முந்தானையைத் தன் கூடையிலிருந்து எடுத்துவிட்டு, வாயை அதனாலேயே பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பயந்துபோனேன்.

"எங்களுக்குத் தீப்பெட்டி, சாமி" என்றார். "எங்கூர்க் கடையில தீப்பெட்டி மட்டுந்தான். தெனமும் ஒண்ணு. ஊட்ல ஒரு பொட்டி நெறையாக் கெடக்குது!"

அத்தைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாதியில் நின்றுபோன அந்தச் சிரிப்பு. பருப்பு வரிசையில் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வேலை செய்கிற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இதைப் போயி பெரியப்பாகிட்ட எப்படிச் சொல்றதுங்க?" என்றாள் அத்தை.

"அவருகிட்ட எதுக்குச் சொல்லோணும்? அந்த ஊட்டுக்குப் போயி நானே நேர்ல விசாரிச்சுட்டேங்கறேன். விசாரிச்சாச்சல்ல?" கூடையைத் தூக்கிக்கொண்டவர், திரும்பி, "உன்ற சம்பளம் உன்றதுதான் கண்ணு. அதையும் சொல்லீர்றேன்" என்றார்.

வைகாசியில் கல்யாணம். விருந்துச் சாமான் முழுக்க ஊர்க் கடையில்தான் என்று அம்மா பிடிவாதமாக நின்றாள். சொல்லப் போனபோது நானும் கூட இருந்தேன். பலகைக்கு இந்தப் பக்கம் நின்று, சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, அம்மா எடப்பாடிக் கடை விஷயத்தை உடைத்துவிட்டாள். கடுகு விஷயத்தையும்.

கடைக்காரர் கையிலிருந்த நூல் அப்படியே நின்றது. அவ்வளவுதான், இனி முகத்தில் விழிக்கமாட்டார் என்று நினைத்தேன்.

"அட, அதுதானுங்களா?" என்றார். மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்தார். "நான் என்னமோ ஏதோன்னு... கெணறு வத்திப்போச்சோ, ஊட்டுக்காரருக்கு ஏதாச்சும் சீக்கோன்னு... எங்கூட்ல கேட்டுப் பாருங்க அம்மிணி, தெனமும் உங்களுக்காகச் சாமிகிட்ட வேண்டிக்கிட்டு இருந்தேன். நல்லாத்தான் இருக்கீங்களா? அப்பாடா!"

அவர் மனசு நோகும் என்று நாங்கள் பயந்திருந்தோம். அவர் எங்களுக்காகப் பயந்திருந்தார். வெல்லக்கட்டியும் மேலே போட்ட சிட்டிகையும் என்னவென்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "நானும் ஒருக்கா அந்தக் கடைக்குப் போயிப் பாத்தனுங்க. சரக்கெல்லாம் சுமார்தான். தரைதான் காலுக்குச் சில்லுன்னு இருந்துச்சு."

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். "நீங்களும் செருப்பைக் கழட்டுனீங்களா?"

அவர் நூலைச் சுண்டி அறுத்தார்.

கல்யாணம் முடிந்து, எனக்குப் பள்ளி திறந்து, ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் கடையை மூடி வைத்து உள்ளே ஏதோ தட்டிக்கொண்டிருந்தார்கள். திறந்தபோது பலகை இல்லை. இரண்டு பக்கமும் இரும்பு அலமாரி. வரிசையாகப் பாக்கெட்டுகள். புளி மூட்டை மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் உள்ளே போகவில்லை.

அம்மாதான் முதலில் படியேறினாள். பழக்கத்தில் குனிந்து செருப்பைக் கழற்றப் போனாள்.

"அட, செருப்போடயே வாங்க அம்மிணி" என்றார் கடைக்காரர்.

அம்மா செருப்போடு உள்ளே போனாள். நேராகக் கடுகு இருந்த இடத்துக்குப் போய் ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். திரும்ப வைத்தாள்.

கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.